நோகாத காயம்: சீனி வருத்தமும் எங்கள் கால்களும்

என் சித்தப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 பெப்ரவரியில் விழுந்த செல்லின் துண்டு அதைக் கொண்டுபோனது. அதன் பின் பொய்க்காலோடு தோட்டம் செய்தார், சைக்கிள் ஓடினார், இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். 2016 இல் அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். கிளினிக் கொப்பியும் குளிசைப் பைகளும் வீட்டுக்கு வந்தன. "காலே போட்டுது, இது என்ன பெரிய வருத்தமே" என்று சிரித்தார்.

2021 இல் ஒரு நாள் பின்னேரம், வீட்டுச் சீமெந்து நிலத்தில் சித்தி சிவப்புப் புள்ளிகளைக் கண்டார். வெற்றிலைத் துப்பல் என்று நினைத்து ஏசிக்கொண்டே துடைத்தார். அடுத்த நாளும் அதே புள்ளிகள் இருந்தன. சித்தப்பாவைக் கதிரையில் இருத்தி, அவருக்கிருந்த ஒரேயொரு காலின் செருப்பைக் கழற்றப் பார்த்தால் அது கழரவில்லை. கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணியொன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலின் அடியில் ஏறியிருந்தது. இரண்டு நாட்கள் அந்த ஆணியோடு நடந்து திரிந்திருக்கிறார்.

"நோகேல்லையே" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அதையே காரணமாக வைத்து வைத்தியசாலைக்கும் போகவில்லை. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார். பாமசியில் ஐந்து நாளுக்குக் கப்சூல் வாங்கிப் போட்டார். மூன்றாவது கிழமை காய்ச்சல் வந்தது, கட்டைப் பிரித்தபோது மணம் வந்தது. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துத்தான் மிச்சக் காலைக் காப்பாற்றினார்கள். இன்னும் நாலு நாள் பிந்தியிருந்தால் இரண்டு காலும் இல்லாத மனிதராக வீடு திரும்பியிருப்பார் என்று சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சித்தியிடம் சொன்னாராம்.

நோவைப் பொறுத்துக்கொள்வதை எங்கள் ஆட்கள் போரில் நன்றாகவே பழகிவிட்டார்கள். பெரிய காயக்காரருக்கே மருந்து போதாத நாட்களில், சின்னக் காயத்தோடு வைத்தியசாலை வாசலில் நிற்பதே கூச்சமாக இருந்தது. துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த மக்கள் நாங்கள். அந்தப் பழக்கம் பலருக்கு இன்னும் விடவில்லை. நொந்தால்தான் அது காயம், நோகாவிட்டால் தானாக ஆறும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு சீனி வருத்தக்காரரின் காலுக்குப் பொருந்தாது.

இலங்கையில் நீரிழிவு வேகமாகப் பெருகிய நோய். 2005-2006 இல் நடந்த பெரிய ஆய்வொன்று வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாகக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2018-2019 இல் நாடு முழுவதையும் உள்ளடக்கிச் செய்த ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் மேலாகிவிட்டது. கால் இழந்தவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நடமாட்டம் குறைகிறது, உடல் எடை கூடுகிறது. இரண்டாம் உலகப் போரில் காலிழந்த அமெரிக்கப் படையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்கள் மற்றக் காயக்காரரைவிட அதிகமாக இதய நோயால் இறந்திருந்தது தெரியவந்தது. முப்பது வயதில் காயப்பட்ட எங்கள் தலைமுறை இப்போது ஐம்பதைத் தொடுகிறது. சீனி வருத்தம் வருகிற வயதும் அதுதான்.

ஏன் நோகாமல் போகிறது?

முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. உடலிலேயே நீளமான நரம்புகள் இவை. இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்கில் கூடியிருக்கும்போது நரம்பிழைகளும், அவற்றுக்கு உணவு கொண்டுசெல்லும் மயிரிழை போன்ற இரத்தக்குழாய்களும் பழுதாகின்றன. நீளமானவைதான் முதலில் அடிபடும். அதனால் இரண்டு காலின் விரல் நுனிகளிலும் தொடங்கி, காலுறை போட்டதுபோல மெல்ல மேலே ஏறும். முழங்கால் மட்டத்துக்கு வரும் காலத்தில் கைவிரல் நுனிகளிலும் விறைப்புத் தொடங்கியிருக்கும்.

ஆரம்பத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இரவில் உள்ளங்கால் எரியும், போர்வை பட்டாலே தாங்கேலாது. சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே செருப்புக் கழன்று விழுந்துவிடும். பத்தடி போன பிறகுதான் கால் வெறுமையாக இருப்பதைக் காண்பார்கள். இப்படி நடந்தவர்கள் அதை மறதி என்று சொல்லிச் சிரிப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது மறதியில்லை. அரைவாசிப் பேருக்கோ இந்த அறிகுறிகள் எதுவுமே இல்லாமல் நரம்பு செத்துப்போகும்.

எரிவு தானாக நின்றுவிட்டால் பலர் வருத்தம் மாறிவிட்டதாக மகிழ்ச்சியடைகிறார்கள். சீனியை நன்றாகக் கட்டுப்படுத்தியதால் நின்றிருக்கலாம். ஆனால் பலருக்கு எரிவைச் சொல்லக்கூடிய நரம்பும் செத்துப்போனதால்தான் அது நிற்கிறது. அதன் பிறகே கால் மிக ஆபத்தான நிலைக்கு வருகிறது.

உணர்வு நரம்போடு இது முடிவதில்லை. விரல்களை நேராக வைத்திருக்கும் சிறு தசைகளின் நரம்பு பழுதாக, விரல்கள் நகம்போல வளைந்து, பாதத்தின் முன்பந்தில் எலும்புகள் கீழ்நோக்கித் துருத்தும். உடல் பாரம் முழுவதும் அந்த இரண்டு மூன்று புள்ளிகளில் விழும். வியர்வையை நடத்தும் நரம்பு பழுதாக, தோல் காய்ந்து குதிக்கால் வெடிக்கும். பாரம் விழும் இடத்தில் தோல் தடிக்கும். தடித்த தோல் செருப்புக்குள் அகப்பட்ட கல்லைப்போலக் கீழிருக்கும் சதையை நசுக்கும். மேலே தடிப்பு மட்டுமே தெரிய, உள்ளே புண் உருவாகிக்கொண்டிருக்கும். தடிப்பின் நடுவில் கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நோவு இல்லாமல் போவதே உடலை அழிக்கும் என்பதை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் டொக்டர் போல் பிராண்ட். 1914 இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரிடையே வேலை செய்தார். தொழுநோய் விரல்களை அழுகி விழச் செய்கிறது என்றே அப்போது எல்லோரும் நம்பினார்கள். உணர்வில்லாத விரல் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கிறது, ஆணியில் ஏறுகிறது, அதே காயத்தோடு நாள் முழுதும் நடக்கிறது, அதனால்தான் அழிகிறது என்று அவர் கண்டார். இரவில் நித்திரையாக இருந்தவர்களின் விரல்களை எலி கடித்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காக நோயாளருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. பின்னர் அமெரிக்காவில் வேலை செய்தபோது நீரிழிவுக்காரரின் பாதத்திலும் அதே காட்சியையே அவர் கண்டார்.

செல் பட்டதாலா, சீனியாலா?

எங்கள் பகுதிகளில் இந்தக் கேள்வி வேறு இடங்களைவிட முக்கியமானது. காலில் விறைப்பு என்றதும் "அது அப்ப பட்ட காயத்தால" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பழைய காயத்தால் நரம்பு அறுபட்டிருந்தால் விறைப்பு ஒரு பக்கத்தில் மட்டும், காயத்துக்குக் கீழே, அன்று தொடங்கி ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். சீனியால் வருவது இரண்டு காலிலும், விரல் நுனியில் தொடங்கி, ஆண்டுதோறும் மேலே ஏறும். 2009 இல் இல்லாத விறைப்பு 2020 இல் வந்திருந்தால் அதைச் செல்லின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரே காலில் இரண்டும் சேர்ந்திருக்கவும் முடியும்.

பழைய காயங்கள் வேறு வழியிலும் இடைஞ்சல் தரும். தழும்புத் தோலும் தோல் ஒட்டிய இடமும் மெல்லியவை, சின்ன உராய்விலேயே கிழிந்துவிடும். அவசரத்தில் பொருத்தி, கோணலாகப் பிடித்துக்கொண்ட எலும்பு பாதத்தின் பாரத்தை ஒரே பக்கத்தில் விழுத்தும். காலில் உலோகத் துண்டுகள் இருப்பவர்கள் அதை ஒவ்வொரு புதிய வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். புண் எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். அது மிகச் சக்திவாய்ந்த காந்தம். உடலில் எங்கே துண்டு இருந்தாலும், கண்ணுக்குக் கிட்ட இருந்தால் கட்டாயமாகவும், முன்கூட்டியே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

பொய்க்கால் போட்டவர்கள் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் கால் இரட்டைப் பாரம் சுமக்கிறது. வெட்டிய காலின் முனையோ பொய்க்காலின் கிண்ணத்துக்குள் உராய்கிறது. உடல் மெலிந்தாலும் பருத்தாலும் கிண்ணம் பொருந்தாது. பத்து வருடத்துக்கு முன் அளவெடுத்த காலை இன்றும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர். முன்பென்றால் கடித்தால் நொந்திருக்கும், கழற்றி வைத்திருப்பார்கள். இப்போது நோகாது. ஒவ்வொரு இரவும் கழற்றியதும் முனையைப் பாருங்கள். சிவந்த இடம் பத்து நிமிடத்துக்குள் மறையாவிட்டால் பொய்க்கால் திருத்தும் இடத்துக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. புதிய கால் கேட்கக் கூச்சப்படுபவர்கள் கிண்ணத்தை மட்டுமாவது சரிபார்த்துக்கொள்ளலாம்.

புண் ஏன் ஆறுவதில்லை?

சீனி கூடியிருந்தால் புண் ஆறாது என்று எல்லோருக்கும் தெரியும். அது உண்மைதான், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சீனி கூடிய இரத்தத்தில் மந்தமாகிவிடும். ஆனால் எனக்குத் தெரிந்த வீடுகளில் சீனியைக் குறைத்து, நாளாந்தம் மருந்து கட்டி, அன்டிபயோட்டிக் போட்டும் உள்ளங்கால் புண் ஆறு மாதமாக அப்படியே கிடப்பதைக் காண்கிறேன். காரணம் எளிது: அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். கையில் ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை உடல் பாரத்தோடு குத்தினால் அது ஆறுமா? நோவுள்ள மனிதன் நொண்டுவான், காலைத் தூக்கி வைத்திருப்பான். நோவில்லாதவர் மருந்து கட்டிய காலோடு கிணத்தடிக்கும் சந்தைக்கும் சாதாரணமாக நடந்து போய்விடுவார்.

அதனால் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் மருந்து பாரத்தை இறக்குவதுதான். முழங்கால்வரை போடும் விசேட மாக்கட்டு இதில் மிகச் சிறந்தது. கழற்ற முடியாதபடி போடுவதே அதன் சிறப்பு, ஏனெனில் கழற்றக்கூடியதை மனிதர் கழற்றிவிடுவார்கள். அது கிடைக்காவிட்டால் முன்பாதம் தரையில் படாத செருப்பு, புண்ணைச் சுற்றி ஒட்டும் தடித்த கம்பளித்துண்டு, ஊன்றுகோல், சக்கர நாற்காலி என்று வேறு வழிகள் உண்டு. எது உங்களுக்குச் சரி என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் கிருமித்தொற்று உள்ள காலுக்கும் மாக்கட்டு கூடாமல் போகலாம்.

"காலுக்கு ஓய்வு குடுங்கோ" என்று கிளினிக்கில் சொல்வது ஒரு வரி. தோட்டக் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு, ஆளில்லாத வீட்டைத் தனியே நடத்துகிறவருக்கு, களப்பில் இறங்கி வலை இழுப்பவருக்கு அது இரண்டு மூன்று மாத வருமானம். இதைச் சொல்லாமல் கால் பராமரிப்பைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை. ஒற்றைக் காலோடு இருப்பவருக்கு இன்னும் கஷ்டம். ஊன்றுகோலில் தத்தித் தத்திப் போனால் எல்லாப் பாரமும் புண் உள்ள அந்தக் காலிலேயே விழும். சித்தப்பாவுக்கு அயலவர் ஒருவரின் சக்கர நாற்காலியை வாங்கித்தான் சமாளித்தோம். ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் சும்மா கிடக்கும் சக்கர நாற்காலி இருக்கும், கேட்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் வைத்தியரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். எழுந்திருந்து வேலை செய்ய முடியாதவர் கதிரையில் இருந்தே செய்யக்கூடிய வேலையை வீட்டுக்காரர் மாற்றிக் கொடுக்கலாம். இது பெரிய தீர்வில்லை. ஆனால் ஆணி ஏறிய முதல் நாளே இரண்டு கிழமை உட்கார்ந்திருப்பது, விரலை எடுத்த பின் ஐந்து மாதம் உட்கார்ந்திருப்பதைவிட மலிவு என்பதைச் சித்தி கணக்குப் போட்டே சொல்வார்.

இரண்டாவது தடை இரத்த ஓட்டம். சீனி காலுக்குப் போகும் இரத்தக்குழாய்களை ஒடுக்கும். பாதம் குளிர்ந்திருக்கும், தோல் மினுங்கும், மயிர் உதிரும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்றால் விடும். சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே இதைக் கூட்டும். இப்படியான காலில் மருந்து எவ்வளவு கட்டினாலும் இரத்தம் போகாமல் புண் மூடாது. இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். குழாயைத் திறந்துவிட முடிந்தால் காலைக் காப்பாற்றலாம்.

முறையாகச் சிகிச்சை செய்தும் நாலு கிழமையில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், ஏதோ ஒன்று தவறவிடப்பட்டிருக்கிறது என்று வைத்தியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பாரம் இறங்கவில்லை, இரத்தம் போகவில்லை, அல்லது கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது. அதே மருந்தை அதே மாதிரி இன்னும் மூன்று மாதம் கட்டுவதில் பயனில்லை. கிழமைக்கொரு தடவை தொலைபேசியில் புண்ணைப் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் புதிய வைத்தியர் இருந்தாலும் அந்தப் படங்கள் கதையைச் சொல்லும்.

புண்ணில் வைக்கக் கூடாதவை பற்றி எழுதினால் நீண்ட பட்டியலாகும். கோப்பித் தூள், சாம்பல், பற்பசை, சுண்ணாம்பு, இலைச்சாறு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இவை புண்ணின் அடியை மறைக்கும், கிருமியையும் சேர்க்கும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் ஆறிவரும் சதையையே எரிக்கும். சுடுதண்ணீரில் கால் ஊறவைப்பது மிக மோசம், சூடு தெரியாமல் தோல் அவிந்துவிடும். கொதித்தாறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவதுதான் வீட்டில் செய்யவேண்டிய முதலுதவி. தடிப்பையும் கால் ஆணியையும் பிளேட்டால் செதுக்காதீர்கள். கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்டரில் அமிலம் இருக்கிறது, அதையும் ஒட்டாதீர்கள். பாமசியில் தாங்களாகவே வாங்கிப் போடும் கப்சூல் சித்தப்பாவுக்குச் செய்தது ஒன்றுதான்: மூன்று கிழமையை வீணாக்கியது.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, வீக்கம், மணம், சீழ், விரல் கறுப்பது, காய்ச்சல் அல்லது நடுக்கம், காரணமில்லாமல் சீனி திடீரென்று ஏறுவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே, இரவென்றாலும், போக வேண்டும். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கக் கூடாது.

இன்னொரு நிலை இருக்கிறது, அதைப் பலர் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். புண் எதுவும் இல்லாமல், ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றப் பாதத்தைவிடத் தொட்டால் சூடாக இருக்கும். நோவு குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. நரம்பு செத்த பாதத்தின் எலும்புகள் உள்ளே நொறுங்கும் நிலை இது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இந்த நேரத்தில் நடந்தால் பாதத்தின் வளைவு தட்டையாகி, பிறகு கவிழ்ந்த தோணிபோல ஆகிவிடும். உடனே நடையை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். உருவவே கூடாது.

கண்ணால் பார்ப்பது

உணர்வில்லாத காலுக்குக் கண்தான் நரம்பின் வேலையைச் செய்ய வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின் வெளிச்சத்தில் இருந்து உள்ளங்கால், குதி, விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். குனிய முடியாதவர் முகச்சவரக் கண்ணாடியை நிலத்தில் வைத்து அதன் மேல் காலைப் பிடித்துப் பார்க்கலாம். நீரிழிவு கண்ணையும் பாதிப்பதால் சிலருக்குப் பார்வையே மங்கலாக இருக்கும். அவர்களுக்கு வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் இந்த வேலையைச் சந்தோசமாகச் செய்வார்கள், சின்ன முள்ளையும் விடமாட்டார்கள்.

உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் என ஆறு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாக, சுட்டுவிரலால் மெல்ல, ஓரிரு வினாடி தொடுங்கள். அழுத்தவும் தட்டவும் கூடாது. தொடுவது தெரியும்போது வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அது ஆபத்துள்ள கால். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியசாலையில் உருவான முறை இது. எந்தக் கருவியும் தேவையில்லை.

கழுவிய பின் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். குதிவெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், இடுக்குகளில் பூச வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பது எங்கள் வழக்கம், அதனால் உள்ளே மட்டும் போட ஒரு சோடி தனியாக வைத்துக்கொள்ளலாம். விரல் இடுக்கில் வார் போகும் மெல்லிய பாட்டாச் செருப்பு நல்லதல்ல. இடுக்கை அறுக்கும், உடைமுள்ளும் பனங்கருக்கும் ஆணியும் அதை எளிதாகத் துளைக்கும். பின்பக்கம் வார் உள்ள, அடி தடித்த, உள்ளே மென்மையான ரப்பர் வைத்த செருப்பை வாங்குங்கள். பின்னேரத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பாருங்கள். காலுறை போடுபவர்கள் வெள்ளை நிறத்தில் போட்டால் இரத்தக் கறை உடனே தெரியும்.

கோயில் விடயத்தை விட்டுவிட முடியாது. ஆவணி வெயிலில் நல்லூர் வீதி மணல், மட்டக்களப்புப் பக்கத் தீமிதிப்பு, செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை எல்லாம் வெறுங்காலோடு. இவற்றில் பல, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று வைத்த நேர்த்தி. ஒரு தாயிடம் அந்த நேர்த்தியை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கால் உணர்வு இழந்தவர் தீயில் இறங்கினால் கொப்புளம் வந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். வெயில் ஏறமுன் விடிகாலைப் பூசைக்குப் போகலாம். தடித்த காலுறையோடு வீதி சுற்றலாம், கேட்டால் பெரும்பாலான ஐயர்மார் மறுக்கமாட்டார்கள். தீமிதிப்பை வீட்டில் நல்ல காலுள்ள ஒருவர் உங்களுக்காகச் செய்யலாம். அல்லது நேர்த்தியையே பால்குடமாகவோ அன்னதானமாகவோ மாற்றலாம்.

கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களோடு சில நிமிடங்களே உண்டு. கொப்பியைப் பார்த்து, சீனி அளவைப் பார்த்து, குளிசை எழுதி அனுப்பிவிடுவார். காலைப் பார்க்கவில்லை என்று பிறகு குறை சொல்வதைவிட, உள்ளே போகும்போதே செருப்பையும் கட்டையும் கழற்றிவிட்டு இருங்கள். நைலோன் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையும் பாத நாடியைப் பிடித்துப் பார்ப்பதையும் கேட்டுப் பெறுங்கள். உணர்வு நன்றாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு தடவை போதும். உணர்வு இழந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு தடவையாவது வேண்டும். முன்பு புண் வந்து ஆறியவர்களும் விரலோ காலோ எடுத்தவர்களும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். மெட்போர்மின் பல ஆண்டுகள் போடுபவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், அதுவும் விறைப்பைக் கூட்டும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். எரிவுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை எரிவைத்தான் குறைக்கும், செத்த உணர்வைத் திருப்பித் தராது. அவற்றைப் போட்டு எரிவு நின்றவரும் காலைப் பார்ப்பதை விடக் கூடாது.

2022 நெருக்கடியின்போது குளிசை தட்டுப்பாடானது. அப்போது ஒன்றைவிட்டு ஒருநாள் போடத் தொடங்கியவர்கள் சிலர் இன்றும் அப்படியே போடுகிறார்கள். அதைக் கொப்பி காட்டாது, நீங்களே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் புண் ஐந்தாவது மாதத்தில் மூடியது. வீட்டில் எல்லோரும் முடிந்தது என்றே நினைத்தோம். ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவது நூற்றுக்கு நாற்பது பேருக்கு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. விரல் இரண்டு இல்லாததால் பாரம் அடுத்த எலும்பில் விழுந்தது, பத்தாவது மாதத்தில் அங்கே தடிப்புக் கட்டி நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. இந்தத் தடவை சித்தி அன்றே ஓட்டோ பிடித்தார். தடிப்பைச் செதுக்கி, செருப்பின் உள்ளடியை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று கிழமையில் ஆறிவிட்டது.

இப்போது அவருடைய சவரக் கண்ணாடி கிணத்தடியில் இல்லை. திண்ணையில், விளக்குக்குக் கீழே நிலத்தில் கிடக்கிறது. போன கிழமை போனபோது பேத்தி அவரின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, ஆட்டாதேங்கோ" என்று ஏசிக்கொண்டிருந்தாள்.